விதையை நேரே போடுவதா, நாற்று வளர்ப்பதா, வாங்கி நடுவதா?

கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் ஓர் அக்கா கேட்டார்: “20 மிளகாய் விதை போட்டேன் தம்பி. 18 முளைத்தது. பத்தே நாளில் எல்லாம் சாய்ந்து போச்சு. பேசாமல் நாற்றாகவே வாங்கிவிடட்டுமா?” அதே வாரத்தில் பூச்சோங்கிலிருந்து ஒரு தம்பி: “வீட்டு முன்னால் கொஞ்சம் மண் இருக்கு அண்ணே. வீடியோவில் எல்லாரும் குழி குழியான தட்டில்தான் விதைக்கிறாங்க. நானும் தட்டு வாங்கணுமா, நேரே மண்ணில் போடலாமா?”

அக்காவின் கணக்கை ஒருமுறை கவனியுங்கள். 20க்கு 18 முளைத்திருக்கிறது. அவர் விதைத்ததில் ஒரு குறையும் இல்லை. மிளகாய், கத்தரி, தக்காளி விதைகள் முளைப்பதற்கு 25 முதல் 30 டிகிரி வெப்பம் கேட்கும். கோலாலம்பூரில் அது ஆண்டு முழுவதும் இலவசமாகக் கிடைக்கிறது. குளிர்நாடுகளில் அதற்காகத் தட்டின் அடியில் சூடேற்றும் விரிப்பு வைக்கிறார்கள், மேலே ஒளி ஊடுருவும் மூடி போடுகிறார்கள், வீட்டுக்குள் விளக்கு எரிக்கிறார்கள். வெளியே பனி கொட்டும் ஊரில் அது சரி. அதைப் பார்த்து நாமும் மூடி போட்டால், வெயில் பட்ட கொஞ்ச நேரத்தில் உள்ளே நாற்று வெந்துவிடும். நிழலில் வைத்தாலோ பூஞ்சை பிடிக்கும்.

நம் ஊரில் நாற்றுகள் பெரும்பாலும் சாவது முளைத்த பிறகுதான். மாலை நாலு மணிக்கு இடியோடு கொட்டும் மழை, வெளிச்சம் எட்டாத நடைபாதை, பாசத்தில் மூன்று வேளையும் ஊற்றும் தண்ணீர், இரவில் ஊர்ந்து வரும் நத்தை. முளைத்ததிலிருந்து முதல் இரண்டு வாரத்தைத் தாண்டிவிட்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. அதனால் எந்த வழியைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது, அந்த இரண்டு வாரத்தை அது எப்படிக் கடக்கும் என்பதைத்தான்.

## முதலில், எதை வைத்து எடைபோடுவது

வேர். வெண்டை, பயற்றங்காய், முள்ளங்கி, கொத்தமல்லி இவையெல்லாம் முளைத்த உடனே ஆணிவேரை ஆழமாக இறக்கும். அந்த வேரைத் தொந்தரவு செய்தால் முறுக்கிக்கொள்ளும், அல்லது நாள் கணக்கில் வளராமல் நிற்கும். மிளகாய், கத்தரி, தக்காளி, சாவி எனும் கடுகு வகைக் கீரை இவற்றுக்கு இடம் மாறுவது பெரிய துன்பமில்லை. என்ன விதை என்று தெரியாமல் தட்டா மண்ணா என்று முடிவெடுக்கவே முடியாது.

வெளிச்சம். நாற்றுக்குக் குறைந்தது நாலைந்து மணி நேரம் நேரடி வெயில் வேண்டும். காலை வெயிலாக இருந்தால் இன்னும் நல்லது. அடுக்குமாடியில் இருப்பவர்கள் தங்கள் பால்கனி எந்தத் திசை என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 3 டிகிரியில்தான் இருக்கிறது. ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை சூரியன் நமக்கு வடக்குப் பக்கம் சாய்ந்து போகும், அக்டோபர் முதல் பிப்ரவரி வரை தெற்குப் பக்கம். அதனால் வடக்குப் பார்த்த பால்கனியில் ஜூன் மாதம் நன்றாக வந்த நாற்று, அதே இடத்தில் டிசம்பரில் வெளிறிப் போகும். குறை விதையிலும் இல்லை, உங்கள் கைராசியிலும் இல்லை.

வீட்டில் ஆள். காலை 6.30க்குக் கிளம்பி இரவு 7 மணிக்குத் திரும்புகிறவருக்கும், பகலில் வீட்டில் இருப்பவருக்கும் ஒரே வழி பொருந்தாது. நடுப்பகலில் ஒருமுறை எட்டிப் பார்க்க ஆள் இருக்கிறாரா என்பது பல நாற்றுகளின் உயிரைத் தீர்மானிக்கிறது.

எத்தனை செடி வேண்டும். நாலு பேர் இருக்கும் வீட்டுக்கு நாலைந்து மிளகாய்ச் செடி போதும். ஒரு பொட்டலத்தில் அதைப்போலப் பல மடங்கு விதை இருக்கும். கீரை என்றால் கணக்கே வேறு, கைப்பிடி கைப்பிடியாக வேண்டும்.

பணத்தைக் கடைசியில் வைத்திருக்கிறேன். விதையின் விலை செலவில் மிகச் சிறிய பங்கு. மண், பை, இரண்டாவது தொட்டி, வீணாகும் மீதி விதை என்று மறைந்திருக்கும் செலவுதான் பெரிது. ஒவ்வொரு வழியிலும் அதைச் சொல்கிறேன்.

பருவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. “ஆடிப்பட்டம் தேடி விதை” என்று நம் பாட்டிமார் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவந்த சொல் இங்கேயும் பொருந்துகிறது. ஆனால் காரணம் தலைகீழ். அங்கே ஆடியில் மழைக்காலம் தொடங்குகிறது. கோலாலம்பூரில் ஜூன், ஜூலைதான் மழை கொஞ்சம் ஓயும் மாதங்கள். மார்ச், ஏப்ரலிலும், அக்டோபர், நவம்பரிலும் மாலை இடிமழை கடுமையாக இருக்கும். திறந்த வெளியில் சின்ன விதை போடுகிறவர்கள் அந்த மாதங்களில் மேலே ஒரு மறைப்பு இல்லாமல் போடாதீர்கள்.

## வழி 1: நேரே மண்ணில், அல்லது பெரிய தொட்டியில் விதைப்பது

வேருக்கு இதைவிட நல்ல வழி இல்லை. முளைத்த இடத்திலேயே வளர்வதால் இடம் மாற்றும் அதிர்ச்சி கிடையாது. மண் நிறைய இருப்பதால் ஈரம் சீக்கிரம் வற்றாது. காலையில் ஒருமுறை தண்ணீர் ஊற்றிவிட்டு வேலைக்குப் போகலாம். கங்கோங் (வள்ளைக்கீரை), பாயாம் (முளைக்கீரை), தண்டுக்கீரை, வெந்தயக்கீரை, வெண்டை, பயற்றங்காய் எல்லாம் இப்படித்தான் வளர வேண்டும் என்பேன்.

கங்கோங் விதையை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்துப் போட்டால் 3 முதல் 5 நாளில் முளைக்கும். நாலு வாரத்தில் அறுக்கலாம். முதன்முதலில் தோட்டம் போடுகிறவருக்கு அதைவிடத் தைரியம் கொடுக்கும் பயிர் எனக்குத் தெரியாது. மல்லி வேண்டுமென்றால் மளிகைக் கடை முழு மல்லியே போதும். ஆனால் ஓர் உருண்டைக்குள் இரண்டு விதை இருக்கிறது. சப்பாத்திக் கட்டையால் மெல்ல உருட்டி இரண்டாக உடைத்து, ஊறவைத்துப் போட வேண்டும். முளைக்க ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் ஆகும், பொறுமை வேண்டும். நம் வெப்பத்தில் அது சீக்கிரம் பூத்துவிடும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகப் பத்து நாளுக்கு ஒருமுறை விதைப்பது நல்லது.

மறைந்திருக்கும் செலவு மண்ணில்தான். புதிய தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளின் முன்னால் இருப்பது பெரும்பாலும் வீடு கட்டும்போது கொட்டி நிரப்பிய களிமண். உள்ளே கல்லும் சிமென்ட் துண்டும் கிடக்கும். ஒரு மழை பெய்து வெயில் அடித்தால் மேலே ஓடு மாதிரி இறுகிவிடும். பாயாம் விதை கடுகைவிடச் சின்னது, அந்த ஓட்டை உடைத்துக்கொண்டு வர அதற்குத் தெம்பு இருக்காது. அதனால் மேல் ஒரு சாண் ஆழத்தையாவது கொத்தி, மக்கிய உரமும் கருக்கிய உமியும் கலக்க வேண்டும். தொட்டி என்றால் அதை நிரப்பும் அளவுக்கு மண் மூட்டை வாங்க வேண்டும். நர்சரிகளில் சொல்லும் 3:2:1 கலவை, அதாவது மூன்று பங்கு மேல்மண், இரண்டு பங்கு மக்கிய உரம், ஒரு பங்கு மணல், இதற்குப் போதும். கோழி எருவை மட்டும் மக்காமல் போடாதீர்கள். இளவேர் கருகும்.

அப்புறம் விருந்தாளிகள். எறும்பு கீரை விதையைத் தூக்கிப் போகும். விதைத்த இடத்தைச் சுற்றிக் கொஞ்சம் அரிசி மாவோ ரவையோ தூவினால் எறும்பு அதை எடுத்துக்கொண்டு விதையை விட்டுவிடும் என்று எங்கள் வீட்டில் செய்வார்கள், பலன் இருக்கிறது. பூனைகள் இளகிய மண்ணைக் கண்டால் விடாது. இறைச்சி கோத்துச் சுடும் சத்தே குச்சிகளை நெருக்கமாக நட்டுவைத்தால் வராது. பெரிய நத்தைகளுக்கு மருந்தைவிட, இரவு ஒன்பது மணிக்கு ஒரு டார்ச் விளக்கும் வாளியும் மேல்.

சின்ன விதைகளை நாலு பங்கு காய்ந்த மணலோடு கலந்து தூவுங்கள். இல்லாவிட்டால் ஒரே இடத்தில் கொத்தாக விழும். ஆழத்துக்கு ஒரு விதி உண்டு: விதையின் பருமனைப்போல இரண்டு, மூன்று மடங்கு. வெண்டைக்கு விரல் நுனி அளவு, கீரைக்கு மேலே மண்ணைத் தூவினால் போதும். நெருக்கமாக முளைத்ததைக் கலைத்துவிட மனசு வராதவர்கள் நிறையப் பேர். கலைக்கும் கீரை நாற்றைப் பருப்பில் போட்டுவிடலாம், வீணே இல்லை.

எப்போது இதுவே நல்லது: தரையில் மண்ணோ 30 செ.மீ. ஆழமுள்ள தொட்டியோ இருக்கிறது, கீரை, பயறு, வெண்டை வேண்டும், பகலில் வீட்டில் ஆள் இல்லை.

## வழி 2: குழித்தட்டு

நர்சரிகளில் 104 குழி உள்ள கறுப்புத் தட்டைப் பார்த்திருப்பீர்கள். விலை மலிவு, கைக்கு அடக்கம், பார்க்கவும் அழகு. புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலில் வாங்குவது இதைத்தான். எனக்கு இதில் மனசு ஒப்பவில்லை, காரணத்தைச் சொல்கிறேன்.

அந்தத் தட்டு பண்ணைக்காக வந்தது. மேலே மழை மறைப்பு, நேரத்துக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாய், கவனிக்க ஆள் எல்லாம் இருக்கும் இடத்தில் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான சாவி நாற்றை ஒரே உயரத்தில் எடுக்க அதைவிட நல்ல கருவி இல்லை. ஆனால் ஒரு குழியில் பிடிக்கும் மண் இரண்டு மேசைக்கரண்டி இருந்தால் அதிகம். காலை ஏழு மணிக்கு நனைத்தால் வெயிலில் மதியத்துக்குள் காய்ந்துவிடும். காய்கிறதே என்று அதிகம் ஊற்றினால் அழுகும். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்க அனுபவம் வேண்டும். முதல் முறை விதைக்கிறவரிடம் இல்லாதது அதுதான்.

செந்தூல் அக்காவின் நாற்றுகள் சாய்ந்ததும் தட்டில்தான். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நூல்போல இளைத்து, இலை பச்சையாக இருக்கும்போதே படுத்துவிட்டதாகச் சொன்னார். அது நாற்றழுகல். ஈரமும் காற்றோட்டமின்மையும் சேரும்போது மண்ணில் இருக்கும் பூஞ்சை வகைகள் செய்யும் வேலை. விழுந்த நாற்றைக் காப்பாற்ற முடியாது. வராமல் தடுக்க மட்டும் முடியும்: தோட்டத்து மண்ணைத் தட்டில் போடாதீர்கள், பழைய தட்டைச் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவையுங்கள், மேலிருந்து ஊற்றாமல் ஓர் அகலப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்துத் தட்டைப் பத்து நிமிடம் அதில் நிறுத்தி எடுத்துவிடுங்கள். மேல்மண் சற்றே காய்ந்த பிறகுதான் அடுத்த தண்ணீர்.

அந்தத் தண்ணீர்ப் பாத்திரத்தை மறந்து அங்கேயே விட்டுவிடக்கூடாது. ஏடிஸ் கொசு நம் வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு வாரத்தில் முட்டையிலிருந்து பறக்கத் தயாராகிவிடும். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்க 1975இல் வந்த சட்டத்தின்படி வீட்டில் கொசு உற்பத்தியானால் தண்டம் உண்டு. அதைவிட, டிங்கியில் வீட்டில் ஒருவர் படுத்தால் என்ன ஆகும் என்று நம்மில் பலருக்குத் தெரியும்.

இன்னொரு மறைந்த செலவு, தட்டோடு வேலை முடிவதில்லை. மிளகாய் நாற்று நாலைந்து வாரம் வளர வேண்டும். அந்தக் குழியில் அவ்வளவு நாள் தாங்காது. நடுவில் ஒரு சின்ன பாலிபேக்குக்கு, அதாவது நாற்று வளர்க்கும் பிளாஸ்டிக் பைக்கு மாற்றி, அப்புறம் பெரிய தொட்டிக்கு மாற்ற வேண்டும். இரண்டு முறை நடவு, இரண்டு முறை மண். நடுவில் நாலு நாள் ஈப்போவுக்கோ தைப்பிங்குக்கோ குடும்பத்தைப் பார்க்கப் போய்விட்டு வந்தால் தட்டில் ஒன்றும் மிஞ்சாது.

எப்போது இதுவே நல்லது: அக்கம்பக்கத்தார் சேர்ந்து போடும் கெபுன் கொமுனித்தி, பள்ளித் தோட்டம், கோவில் தோட்டம். சாவி, சலாட் கீரை மாதிரி ஒரே நேரத்தில் 30, 40 நாற்று வேண்டும் என்கிறவர்கள். சலாட் விதைக்கு 30 டிகிரிக்கு மேல் போனால் உறக்கம் வந்துவிடும், முளைக்காது. நனைத்த டிஷ்யூ தாளில் சுற்றி ஒன்றிரண்டு நாள் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டு, மாலையில் விதைத்து நிழலில் வைத்தால் வரும்.

## வழி 3: குவளை, சின்ன பாலிபேக்

வீட்டில் நாலைந்து மிளகாய், இரண்டு கத்தரி, ஒரு பாகல் என்று வளர்க்கிறவருக்கு நான் சொல்வது இதை. தயிர் டப்பா, காகிதக் குவளை, 8 செ.மீ. உயரமுள்ள எந்தப் பாத்திரமும் ஆகும். அடியில் நாலு துளை போட வேண்டும், ஒன்று போதாது. பழைய நாளிதழைப் போத்தலில் சுற்றி மடித்துச் செய்யும் தாள் குவளையும் நல்லதுதான். பாகல், பீர்க்கு மாதிரி வேரைத் தொட்டால் கோபிக்கும் கொடிகளை அந்தத் தாளோடேயே நட்டுவிடலாம். முட்டை அட்டையை மட்டும் விட்டுவிடுங்கள். ஆழம் இல்லை, நம் ஈரத்தில் மூன்றே நாளில் பூசணம் பூக்கும்.

தட்டின் ஒரு குழியைவிடக் குவளையில் ஐந்தாறு மடங்கு மண் பிடிக்கும். அதனால் காலையில் நனைத்தால் மாலை வரை தாங்கும். மிளகாய் நாற்று விதைத்த குவளையிலேயே ஐந்து வாரம் இருந்துவிட்டு நேரே பெரிய தொட்டிக்குப் போகும், நடுவில் ஒரு மாற்றல் மிச்சம். ஒரு குவளையில் நோய் வந்தால் அதை மட்டும் எடுத்து எறியலாம். தட்டில் ஒரு மூலையில் தொடங்கியது மறு மூலைக்குப் போக இரண்டு நாள் போதும்.

மண்ணுக்கு, தேங்காய் நார்த்தூள் இரண்டு பங்கு, கருக்கிய உமி ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு என்று கலக்கிறேன். 650 கிராம் நார்த்தூள் கட்டி ஒன்று ஊறினால் எட்டு லிட்டருக்கு மேல் வரும். ஆனால் சில கட்டிகளில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்து, வடிநீர் தேநீர் நிறத்திலிருந்து வெளிறும்வரை அலச வேண்டும். இதை யாரும் சொல்லாததால் பலர் நாற்று ஓரம் கருகுவதைப் பார்த்து உரம் போதவில்லை என்று இன்னும் உரம் போடுகிறார்கள். வெறும் நார்த்தூளில் விதைத்தால் சத்து கிடையாது, இரண்டாவது இலை வந்ததும் மஞ்சளாகும். அப்போது பொட்டலத்தில் போட்ட அளவில் பாதியாகக் கரைத்த திரவ உரம் வாரம் ஒருமுறை போதும்.

ஒரு குவளைக்கு இரண்டு விதை. இரண்டும் முளைத்தால் மெலிந்ததைக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். பிடுங்கினால் பக்கத்து வேரும் அசையும்.

இங்கே முக்கியமானது வெளிச்சம். மாரியம்மன் திருவிழாவுக்கு முளைப்பாரி வளர்த்ததைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். நவதானியத்தை இருட்டறையில் வைத்து வளர்ப்பதால்தான் முளை வெளிர் மஞ்சளாக, நீளமாக, ஒரே சீராக எழும்பி நிற்கும். அம்மனுக்கு அது அழகு. ஆனால் அந்த முளை வயலுக்குப் போவதில்லை. உங்கள் மிளகாய் நாற்று அப்படி நீண்டு வெளிறினால் வெளிச்சம் போதவில்லை என்று நேராகச் சொல்லிவிடுகிறது. முளை தலைகாட்டிய அன்றே வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள். முதல் வாரம் காலை வெயில் இரண்டு மணி நேரம், அடுத்த வாரம் நாலு மணி நேரம். நடுவதற்கு முந்திய வாரம் முழு வெயில், தண்ணீர் கொஞ்சம் குறைவாக. நேரே முழு வெயிலில் நட்டால் இலை வெளுத்துக் கருகும்.

நீண்டுவிட்ட தக்காளி நாற்றைக் காப்பாற்றலாம், தண்டை முதல் இலை வரைக்கும் புதைத்து நட்டால் அந்தத் தண்டே வேர் விடும். மிளகாய்க்கு அந்தத் தந்திரம் அவ்வளவாகப் பலிக்காது.

மறைந்த செலவு, மீதி விதை. ஆறு விதை போட்டுவிட்டுப் பொட்டலத்தைச் சமையலறை மேசையில் வைத்தால் சில மாதத்தில் நம் ஈரமும் வெப்பமும் அதைக் கெடுத்துவிடும். இறுக மூடும் சின்னப் புட்டியில் போட்டுக் குளிர்பெட்டியில் வையுங்கள். மறுபடி விதைக்கும்முன் பத்து விதையை ஈரத்தாளில் சுற்றி எத்தனை முளைக்கிறது என்று பாருங்கள். ஐந்துக்குக் குறைந்தால் குவளைக்கு மூன்றாகப் போடுங்கள்.

எப்போது இதுவே நல்லது: அடுக்குமாடி, கொஞ்சம் செடி, நாலு மணி நேர வெயில், விரும்பிய ரகத்தைத்தான் வளர்ப்பேன் என்ற எண்ணம்.

## வழி 4: நாற்றாக வாங்குவது

கோலாலம்பூரில் செடி வாங்குவது என்றால் பலருக்கு சுங்கை பூலோதான் நினைவுக்கு வரும். 1930இல் தொழுநோயாளிகளுக்காக அமைக்கப்பட்ட குடியேற்றம் அது. ஊரும் உறவும் ஒதுக்கிவைத்த மனிதர்கள் அங்கே மண்ணைக் கொத்திச் செடி வளர்த்து விற்றுப் பிழைத்தார்கள். இன்று அந்தச் சாலையில் வரிசையாக நிற்கும் நர்சரிகளின் தொடக்கம் அதுதான். அங்கே போகும்போதெல்லாம் எனக்கு அந்த நினைவு வராமல் இருந்ததில்லை. அழகுச்செடிதான் அதிகம், காய்கறி நாற்றுக்குக் கொஞ்சம் தேட வேண்டும். வாரக்கடைசி பாசார் தானி எனும் உழவர் சந்தையிலும் மிளகாய், கத்தரி, தக்காளி நாற்று கிடைப்பதுண்டு.

வாங்கினால் ஐந்து வாரமும் அந்த ஆபத்தான முதல் இரண்டு வாரமும் மிச்சம். இரண்டு மூன்று மிளகாய்ச் செடி மட்டும் வேண்டுமென்றால், மண், குவளை, விதை எல்லாம் கூட்டிப் பார்த்தால் நாற்று வாங்குவதே மலிவாக முடியும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. விவசாயிகளே நாற்று வாங்கித்தான் நடுகிறார்கள்.

ஆனால் நாற்றோடு வேறு பலவும் வீட்டுக்கு வரும். நான் ஒருமுறை வாங்கிவந்த மிளகாய் நாற்றின் இலைகள் மேலே பளபளவென்று இருந்தன. பின்பக்கம் பார்க்கவில்லை. மூன்றாவது வாரம் இலை சுருண்டது, அடுத்த வாரம் பக்கத்திலிருந்த நாலு செடியும் சுருண்டன. சிலந்திப்பேனும் இலைப்பேனும் அதனோடு வந்திருந்தன. அன்றிலிருந்து எந்த நாற்றையும் ஒரு வாரம் தனியாக வைத்த பிறகுதான் மற்ற செடிகளோடு சேர்க்கிறேன்.

வாங்கும்போது இலையைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். பையின் அடித்துளையில் வேர் சுருண்டு வெளியே வந்திருந்தால் நாள் கடந்த நாற்று. பூவும் பிஞ்சுமாக நிற்கும் குட்டிச்செடி கண்ணைப் பறிக்கும், அதை விட்டுவிட்டுக் குட்டையாக, தண்டு தடிப்பாக, பூக்காமல் இருப்பதை எடுங்கள். பையில் கோரை முளைத்திருந்தால் வேண்டாம், அந்தக் கிழங்கு உங்கள் தொட்டியைவிட்டுப் போகாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் நாற்றை வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். தக்காளியில் குளிர்ந்த கேமரன் மலைக்கு ஏற்ற ரகம் கோலாலம்பூர் வெப்பத்தில் பூக்கும், காய் பிடிக்காது. சமவெளிக்கு ஏற்றதுதானா என்று கேட்பது கட்டாயம்.

எப்போது இதுவே நல்லது: மிளகாய், கத்தரி, தக்காளியில் சில செடி மட்டும் வேண்டும். வெளிச்சம் பெரிய செடிக்குப் போதும், நாற்று வளர்க்க இடமில்லை. அல்லது இரண்டு முறை விதைத்துத் தோற்று மனம் சோர்ந்திருக்கிறீர்கள்.

## வழி 5: போத்து

இதற்கு விதையே வேண்டாம், அதனால் சுருக்கமாக. முருங்கை, பொன்னாங்கண்ணி, பசலை, சாயூர் மானிஸ் (தவசிக்கீரை), சர்க்கரைவள்ளிக் கொடி எல்லாம் தண்டிலிருந்தே வரும். பாசாரில் வாங்கிய கங்கோங்கின் கீழ்த்தண்டைக் கணுவோடு தண்ணீரில் வைத்தால் சில நாளில் வேர் தெரியும், பிறகு மண்ணில் நடலாம். பக்கத்து வீட்டில் கேட்டாலே கிடைக்கும், செலவு இல்லை. மிளகாய், வெண்டை, பயறு வேண்டுமென்றால் இது உதவாது.

## ஒரே பார்வையில்

| பயிர் | எனக்குப் பிடித்த வழி | முளைக்க (நாள்) | இடம் மாற்ற |
|---|---|---|---|
| கங்கோங் | நேரடி, அல்லது தண்டு | 3–5 | வேண்டாம் |
| பாயாம், தண்டுக்கீரை | நேரடி | 3–5 | வேண்டாம் |
| வெண்டை | நேரடி | 3–6 | வேண்டாம் |
| பயற்றங்காய் | நேரடி | 3–5 | வேண்டாம் |
| மல்லி | நேரடி | 7–14 | வேண்டாம் |
| சாவி | நேரடி, நிறைய என்றால் தட்டு | 3–5 | 2–3 வாரம் |
| பாகல், பீர்க்கு | தாள் குவளை | 5–10 | 2–3 வாரம் |
| தக்காளி | குவளை, அல்லது வாங்குவது | 5–8 | 3–4 வாரம் |
| கத்தரி | குவளை, அல்லது வாங்குவது | 6–10 | 4–5 வாரம் |
| மிளகாய் | குவளை, அல்லது வாங்குவது | 7–14 | 4–5 வாரம் |

பாகல் விதையின் ஓடு தடிப்பு. நகவெட்டியால் ஓரத்தில் லேசாக ஒரு வெட்டு கொடுத்து ஊறவைத்தால் முளைப்பு சீக்கிரம் வரும்.

ஊருக்குப் போய்விட்டு வரும்போது நாட்டு விதை கொண்டுவரும் பழக்கம் நம்மிடம் உண்டு. பாசத்தால் செய்வதுதான். ஆனால் 1976ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் சட்டத்தின்படி அனுமதி இல்லாமல் விதையை நாட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. விதையோடு இங்கே இல்லாத நோய் வரலாம். ஏற்கெனவே இங்கே வளர்த்துக்கொண்டிருக்கும் உறவினரிடம் கேட்டால் நாட்டுக் கத்தரியும் கொத்தவரையும் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

## அந்த இருவருக்கும்

செந்தூல் அக்காவின் பால்கனி கிழக்குப் பார்த்தது, காலையில் பதினொன்றரை வரை வெயில். பகலிலும் வீட்டில் இருக்கிறார். அவருக்கு விதையைக் கைவிடத் தேவையே இல்லை. இரண்டு மிளகாய் நாற்று வாங்கி ஒரு வாரம் தனியே வைத்து நடச் சொன்னேன், சமையலுக்கு அது முதலில் வரும். கூடவே அலசிய நார்த்தூளில் ஆறு குவளை, குவளைக்கு இரண்டு விதை. தண்ணீர் அடியிலிருந்து, காலையில் மட்டும். பழைய தட்டைக் கழுவி வைத்துவிடட்டும், சாவி போடும் ஆசை வரும்போது எடுக்கலாம்.

பூச்சோங் தம்பி காலையில் போனால் இரவுதான் வருகிறார். ஆனால் அவரிடம் மண் இருக்கிறது, வெயில் நாள் முழுக்க. தட்டு வாங்க வேண்டாம். ஒரு பாத்தி கங்கோங், ஒரு வரிசை வெண்டை, வேலி ஓரமாகப் பயற்றங்காய், எல்லாம் நேரே. கத்தரிக்கு மட்டும் இரண்டு நாற்று வாங்கி முதல் முறை தொட்டியில் வைக்கச் சொன்னேன். தரை மண்ணில் வாடல் நோய்க் கிருமி இருக்கிறதா என்று தெரியாது. நன்றாக இருந்த செடி ஒரே நாளில் பச்சையாகவே வாடினால், தண்டை வெட்டி ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் நிறுத்திப் பார்க்க வேண்டும். வெட்டிலிருந்து பால்போல ஒரு நூல் இறங்கினால் அந்த மண்ணில் கத்தரி, தக்காளி, மிளகாய் நடக் கூடாது.

அவர் வாங்கிய வெண்டை விதை இளஞ்சிவப்பாக இருந்ததாம், கெட்டுப்போச்சா என்று கேட்டார். கெடவில்லை, பூஞ்சை மருந்து பூசிய விதைக்கு அந்த நிறம் போடுவார்கள். அதை ஊறவைத்தால் மருந்து கழுவிப் போய்விடும், அதனால் ஊறவைக்காமல் அப்படியே போடலாம். போட்டபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். இன்றைக்கு மாலை மழை விட்டதும் விதைத்துவிடலாம் தம்பி, அன்றே சத்தே குச்சியையும் நட்டுவிடுங்கள். பூனை இரவில்தான் வரும்.